ரீடிங் எழுதிய பிறகு நடக்கும் வேலை

சைட்டில் வேலை முடிந்ததும் சூப்பர்வைசர் கேபினுக்குள் எட்டிப் பார்த்து இன்ஜின் ஓடிய மணிக்கணக்கைக் காட்டும் ஹவர் மீட்டர் ரீடிங்கைக் குறித்துக்கொள்வார். வேலைச் சீட்டில் கையெழுத்துப் போட்டுத் தருவார். அந்தக் கையெழுத்தோடு வாடகைக் கணக்கு நின்றுவிடும். ஆபரேட்டருக்கு வேலை நிற்காது. மண் வெட்டும் 20 டன் செயின் வண்டியை (எக்ஸ்கவேட்டரை) டிரெய்லர் மேல் ஏற்ற வேண்டும், கட்ட வேண்டும், அடுத்த சைட்டில் இறக்க வேண்டும். இந்த நேரத்துக்கு யாரும் பில் போடுவதில்லை. அதனாலேயே இதில் எல்லோருக்கும் அவசரம். இந்தத் தொழிலில் நான் நேரில் பார்த்த மோசமான விபத்துகள் மூன்று. மூன்றுமே மண் வெட்டும்போது நடக்கவில்லை. ஏற்றும்போதும் இறக்கும்போதும்தான் நடந்தன. அதில் ஒன்றில் கேபினுக்குள் உட்கார்ந்திருந்தது நான்.

எனக்கு ஊர் வடசென்னையில் எர்ணாவூர். முதலில் ஹெல்பராகச் சேர்ந்தேன். கிரீஸ் அடிப்பது, டீசல் பிடிப்பது, செயினில் (டயருக்குப் பதிலாக வண்டிக்கு அடியில் சுற்றும் இரும்புப் பட்டையில்) மாட்டிய கல்லைக் கம்பியால் நெம்பி எடுப்பது, இதுதான் ஆரம்ப வேலை. திருவொற்றியூர் கடற்கரையில் கடலரிப்புக்குக் கல் போடும் வேலையில்தான் முதன்முதலாக லீவரைத் தொட்டேன். கற்றுக்கொடுத்தவரை இன்றைக்கும் வாத்தியாரே என்றுதான் கூப்பிடுகிறேன். (எங்கள் பக்கம் எந்தக் கம்பெனி வண்டியாக இருந்தாலும் செயின் வண்டி என்றால் ஹிட்டாச்சி. கொஞ்சம் வயதானவர்கள் பொக்லைன் என்பார்கள். டயர் வண்டி என்றால் ஜேசிபி.)

வாத்தியார் பக்கெட் (மண் அள்ளும் வாளி) பிடிக்கச் சொல்லிக்கொடுத்தது ஒரு வாரம். டிரெய்லரில் ஏற்ற விட்டது இரண்டு வருடம் கழித்து. அதுவரை நான் கீழே நின்று பார்க்க மட்டும்தான். அப்போது எனக்குக் கோபமாக இருந்தது. ஏன் அவ்வளவு நாள் காக்க வைத்தார் என்று 2017 ஐப்பசியில் புரிந்தது.

அன்று வல்லூருக்கும் அத்திப்பட்டுக்கும் நடுவில் ஒரு கால்வாயைத் தூர்வாரிக்கொண்டிருந்தோம். அந்தப் பக்கத்து மண்ணைத் தெரிந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். அனல் மின் நிலையச் சாம்பல் பல வருடங்களாகப் படிந்த மண். காய்ந்திருந்தால் மேலே கெட்டியாகத் தெரியும், காலை வைத்தால் கீழே கூழ். மழையில் நனைந்துவிட்டால் சோப்பு மாதிரி வழுக்கும். அது செயின் ஷூவில் (செயினின் இரும்புத் தகடுகளில்) அப்பிக்கொண்டால் ஷூவின் பற்கள் மூடிப்போய் இரும்பில் பிடிப்பே இருக்காது.

காலையிலிருந்து மழை விட்டு விட்டுப் பெய்தது. மறுநாள் விடியற்காலை மாதவரத்தில் வேறு வேலை என்று ஒப்புக்கொண்டிருந்தார்கள். ஊருக்குள் பல சாலைகளில் பகலில் பெரிய வண்டியை விடமாட்டார்கள். அதனால் ஏற்றுவது எப்போதும் ராத்திரிதான். காலை 7 மணியிலிருந்து லீவர் பிடித்த கையோடு, பசியோடு, இருட்டில் ஏற்ற வேண்டும். டிரெய்லர் வரும்போது மணி பத்தரை. கண்டெய்னர் வரிசையில் மாட்டிக்கொண்டு வந்த டிரைவர் அண்ணனும் களைத்துத்தான் இருந்தார். சங்ககிரிக்காரர்.

டிரெய்லர் மேல் ஏறுவதற்கான இரும்புச் சரிவுப் பலகைதான் ராம்ப். அதைப் பார்த்ததுமே எனக்குச் சரியாகப் படவில்லை.

"அண்ணே, ராம்ப் ரொம்ப நிமிர்ந்து நிக்குதே?"

"இதுலதானுங்க தம்பி நேத்து ரெண்டு வண்டி ஏத்தினேன். ஒண்ணும் ஆகாது, வாங்க."

நேற்று மழை இல்லை என்பது அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. அதற்குள் முதலாளி பக்கத்திலிருந்து போன் அடித்தது. "இன்னும் ஏத்தலையா? வெயிட்டிங் சார்ஜ் யார் குடுக்கறது?" சரி என்று ஏறி உட்கார்ந்தேன். செயினைக் கழுவவில்லை. டிரெய்லர் நின்ற இடத்தில் ரோடு இடது பக்கப் பள்ளத்தை நோக்கிச் சரிந்திருந்தது. அதையும் இறங்கிப் பார்க்கவில்லை.

பாதி ராம்ப் ஏறியபோது வண்டி இடது பக்கமாக நழுவுவது உட்காரும் இடத்திலேயே தெரிந்தது. இரண்டு செயினும் சுற்றுகின்றன, வண்டி முன்னே போகவில்லை. நேராக்கிவிடலாம் என்று ஒரு பக்க லீவரை மட்டும் கொஞ்சம் தள்ளினேன். அங்கேதான் தவறு செய்தேன். ராம்ப் மேல் திருப்பக்கூடாது என்று வாத்தியார் நூறு முறை சொல்லியிருப்பார். கோணலாக ஏறிவிட்டால் அப்படியே நேராகப் பின்னால் இறங்கி, தரையில் திருப்பி, மறுபடியும் ஏறு என்பார். தரையில் திருப்பினால் செயின் மண்ணை அரைக்கும். ஈர ராம்ப்பில் திருப்பினால் செயின் இரும்பின் மேல் சறுக்கும். நான் திருப்பினேன். வண்டி அரை அடி பக்கவாட்டில் போய், இடது செயின் ராம்ப் விளிம்பைத் தாண்டிப் பாதி வெளியே தொங்கியது.

"அண்ணா, லெஃப்டு எறங்குது ணா!" என்று ஹெல்பர் தம்பி கத்தினான். சத்தம் இடது பக்கத்திலிருந்து வந்தது. வண்டி எந்தப் பக்கம் சாய்ந்தால் விழுமோ அந்தப் பக்கத்தில்தான் அவன் டார்ச் அடித்துக்கொண்டு நின்றிருக்கிறான். அவனை அங்கே நிற்க வைத்தது நான்தான். பத்தொன்பது வயசுப் பையன். ஓடு என்று கத்தியது எனக்கு நினைவிருக்கிறது. அவன் பள்ளத்தில் விழுந்து எழுந்து ஓடினான்.

என் கை தானாகச் செய்த ஒரே சரியான காரியம், பக்கெட்டை டெக் (டிரெய்லரின் தளம்) மேல் இறக்கி அழுத்தியதுதான். வண்டி ஒரு ஆட்டம் ஆடி நின்றது. இன்ஜினை நிறுத்தி, லீவர் லாக்கைப் போட்டேன். இறங்கலாம் என்று பார்த்தால் ஹிட்டாச்சிக்குக் கேபின் கதவு இடது பக்கம். கதவைத் திறந்தால் சாய்ந்திருக்கும் பக்கம் இறங்க வேண்டும். சீட் பெல்ட்டை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். வண்டி சாயும்போது குதிக்கிறவன்தான் அடியில் மாட்டுவான், கேபினுக்குள் பெல்ட்டோடு இருப்பவனுக்குப் பிழைக்க வழி உண்டு. இதையும் வாத்தியார்தான் சொல்லியிருந்தார்.

பக்கத்து சைட்டிலிருந்து இன்னொரு ஹிட்டாச்சியை எழுப்பிக் கொண்டுவர இரண்டு மணி நேரம் ஆனது. அது வலது பக்கமாக வந்து, வயர் ரோப் போட்டு இழுத்துப் பிடித்துக்கொண்ட பிறகுதான் மெதுவாகப் பின்னால் இறக்கினேன். ராம்ப் ஒன்று வளைந்துபோயிருந்தது. யாருக்கும் காயமில்லை. வீட்டுக்கு வந்து சாப்பாட்டுத் தட்டு முன்னால் உட்கார்ந்தபோது கை நடுங்கியது. அந்தப் பையன் நின்ற இடம்தான் கண்ணுக்குள் வந்து வந்து போனது.

அதற்கப்புறம் ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். வாத்தியாரிடம் கேட்டேன். கம்பெனிக்காரர்கள் தரும் மேனுவலைத் தம்பி மகனை வைத்துப் படிக்கச் சொன்னேன். ராம்ப் சாய்வு 15 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்று அதில் தெளிவாகவே போட்டிருக்கிறது. டிகிரி என்று சொன்னால் ராத்திரி பத்தரை மணிக்கு யார் அளப்பார்கள்? நான் நீளத்தை வைத்துப் பார்க்கிறேன். டெக் தரையிலிருந்து 1 மீட்டர் உயரம் என்றால் ராம்ப் கிட்டத்தட்ட 4 மீட்டர் நீளம் இருக்க வேண்டும். அதாவது உயரத்தைப் போல நான்கு மடங்கு. அன்று இருந்த ராம்ப் இரண்டரை மீட்டர்தான் இருக்கும். கணக்குப் போட்டால் சாய்வு 23 டிகிரியைத் தாண்டுகிறது. 15 டிகிரியிலேயே 20 டன் வண்டியைக் கீழே இழுக்கும் விசை 5 டன்னுக்கு மேல். காய்ந்த இரும்பின் மேல் காய்ந்த இரும்பு அதைத் தாங்கும். நடுவில் ஈரச் சாம்பலோ கிரீஸோ இருந்தால் தாங்காது. என் கைத்திறமைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. எவ்வளவு அனுபவம் உள்ள ஆள் ஓட்டினாலும் வழுக்கத்தான் செய்யும்.

ராம்ப் குட்டையாக இருந்தால் அதன் கால் பக்கத்தில் மண்ணைக் கெட்டியாகப் போட்டு மேடு கட்டிக்கொள்ளலாம். நம் கையிலேயே பக்கெட் இருக்கிறது, பத்து நிமிட வேலை. ஆனால் வெறும் சாம்பலையோ சேற்றையோ குவித்து மேடு என்று நம்பக்கூடாது. செங்கல் உடைசல், ஜல்லி கிடைத்தால் நல்லது. ராம்ப் இல்லாமல் பக்கெட்டை ஊன்றி, உடம்பைத் தூக்கி லாரி மேல் ஏறுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். ரோட்டில் நின்று பார்க்கிறவர்கள் கை தட்டுவார்கள். நான் பார்த்த மற்ற இரண்டு விபத்துகளில் ஒன்று அப்படி நடந்ததுதான். அதைச் செய்யச் சொல்லும் இடத்தில் வேலையே வேண்டாம்.

செயினைச் சுத்தம் செய்ய ஒரு சுலபமான வழி உண்டு. பூமை (பக்கெட்டைத் தாங்கும் நீண்ட கையை) ஒரு பக்கம் திருப்பி, பக்கெட்டைத் தரையில் ஊன்றி, அந்தப் பக்கச் செயினைத் தரையிலிருந்து தூக்கி முன்னும் பின்னும் சுற்ற விட்டால் பெரும்பாலான மண் உதிர்ந்துவிடும். அப்புறம் மறுபக்கம். அந்த நேரத்தில் யாரும் பக்கத்தில் நிற்கக்கூடாது, கல் தெறிக்கும். மிச்சத்தை மண்வெட்டியால் சுரண்டிவிட வேண்டும். மழை நாளில் ராம்ப்பைத் துடைத்து, உலர்ந்த மணல் தூவுவேன். எண்ணூர் பக்கத்தில் மணலுக்குப் பஞ்சமில்லை.

இன்னொரு விஷயம், புதிதாக வரும் பிள்ளைகள் பலருக்குத் தெரியாதது. ஏறுவதற்கு முன்னால் ஸ்பிராக்கெட் (செயினைச் சுற்ற வைக்கும் பல்சக்கரம்) எந்தப் பக்கம் இருக்கிறது என்று இறங்கிப் பார்க்க வேண்டும். மேலே கேபின் சுற்றும், கீழே செயின் சட்டம் சுற்றாது. ஸ்பிராக்கெட் நமக்குப் பின்னால் இருந்தால் லீவரைத் தள்ளினால் வண்டி முன்னே போகும். கேபின் திரும்பி ஸ்பிராக்கெட் முன்னால் வந்துவிட்டால் எல்லாம் தலைகீழ். தள்ளினால் பின்னே போகும், இடது லீவர் வலது செயினை ஓட்டும். பகலில் சமதரையில் அப்படித் தவறினால் சிரித்துவிட்டுச் சரிசெய்துகொள்ளலாம். ராம்ப் நடுவில் பதற்றத்தில் கை போகும் திசை வேறு, வண்டி போகும் திசை வேறு ஆகிவிட்டால் திருத்த நேரமே கிடைக்காது. எனவே பக்கெட் முன்னால், ஸ்பிராக்கெட் பின்னால், ஸ்பீடு ஆமைப் படம் போட்ட மெதுவான நிலையில். இன்ஜின் வேகத்தைத் தானாகக் குறைக்கும் ஆட்டோ ஐடில் ஆஃப். இல்லையென்றால் நின்று நின்று ஏறும்போது இன்ஜின் வேகம் தானாக இறங்கி, லீவரைத் தொட்டதும் திடீரென்று ஏறி வண்டியைத் துள்ள விடும்.

ராம்ப் முடிந்து டெக் ஆரம்பிக்கும் விளிம்பு ஒரு சீசா பலகை மாதிரி. செயினின் நடுப்பகுதி அந்த விளிம்புக்கு வரும்வரை வண்டி மூக்கைத் தூக்கிக்கொண்டே போகும். அதைத் தாண்டியதும் மொத்த எடையும் முன்னால் சாயும். அங்கே பக்கெட்டை டெக்குக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் வைத்துக்கொண்டு, அங்குலம் அங்குலமாகப் போக வேண்டும். 'பொத்'தென்று விழ விட்டால் டெக் பலகையும் போகும், நம் முதுகும் போகும்.

அதே நேரத்தில் டிரெய்லருக்கும் ஒன்று நடக்கும். 20 டன் எடை வாலில் ஏறும்போது முன்னால் இருக்கும் குதிரை லேசாகும். (டிரெய்லரை இழுக்கும் முன்வண்டியைக் குதிரை என்போம்.) குதிரையின் பின் சக்கரம் லேசானால் அதில் போட்ட ஹேண்ட் பிரேக்குக்குப் பிடிப்பு குறையும், டிரெய்லர் முன்னே நகரலாம். நாம் பாதி ராம்ப்பில் இருக்கும்போது டிரெய்லர் ஒரு அடி நகர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. அதனால் எல்லாச் சக்கரத்துக்கும் கட்டை, டெக்கின் வாலுக்கு அடியில் முட்டுக்கட்டை, இரண்டும் கட்டாயம். வைத்தாகிவிட்டது என்று டிரைவர் சொன்னாலும் நானே குனிந்து பார்ப்பேன். டிரைவர் அண்ணன்கள் இதைத் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. "நானும் ஒருதடவ பாத்துக்கறேன் அண்ணே" என்று சொல்லிவிட்டால் போதும்.

சைகை காட்ட ஒரே ஒருவர். அவர் நிற்கும் இடம் டெக்குக்கு முன்னால், எனக்கு முகம் தெரியும் தூரத்தில். பக்கவாட்டில் யாரும் இல்லை. பின்னாலும் யாரும் இல்லை. அவர் என் கண்ணிலிருந்து மறைந்தால் நான் நிறுத்திவிடுவேன். இதில் மட்டும் நான் யாருக்காகவும் விட்டுக்கொடுப்பதில்லை.

ஏற்றிய பிறகு கட்டுவது. இதில் நம் ஊரில் காட்டும் அலட்சியத்துக்கு அளவே இல்லை. 20 டன் வண்டி, தன் எடையே பிடித்து வைக்கும் என்று இரண்டு செயினுக்கும் முன்னால் கட்டையைப் போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். சிலர் நைலான் கயிறு. திடீர் பிரேக் அடித்தால் சுமை தன் எடையில் பத்தில் எட்டுப் பங்கு விசையோடு முன்னால் தள்ளும் என்று வைத்துக்கொண்டு கட்டுவதுதான் முறை. 20 டன்னுக்கு 16 டன். நைலான் கயிறு அதற்கு நூல் மாதிரி. நான்கு மூலையிலும் இரும்புச் சங்கிலி போட வேண்டும். செயின் சட்டத்தில் கட்டுவதற்கென்றே இடம் இருக்கும், அங்கே மாட்ட வேண்டும். ஹைட்ராலிக் ஹோஸ் மேலே சங்கிலி போகக்கூடாது. பக்கெட்டுக்கு அடியில் மரக்கட்டை, அதன் மேல் பக்கெட்டை இறக்கி பூமுக்கும் ஒரு சங்கிலி. கேபின் சுற்றாமல் பிடிக்கும் ஸ்விங் லாக் போட்டாயிற்றா என்று பார்க்க வேண்டும். மீஞ்சூர் ரோட்டில் ஒரு வளைவில் லாக் போடாத வண்டியின் பின்பாரம் மெல்லத் திரும்பி ரோட்டுக்கு மேல் நீண்டதை நான் பின்னால் பைக்கில் வரும்போது பார்த்தேன். ஹாரன் அடித்து அடித்து நிறுத்தினோம்.

எங்கள் பகுதியில் சங்கிலிக்கு உப்புக்காற்றுதான் எமன். மேலே லேசாகத் துருப் பிடித்த மாதிரித் தெரியும். இரண்டு வளையம் உரசும் இடத்தைத் திருப்பிப் பார்த்தால் பாதி அரித்திருக்கும். எர்ணாவூர், காட்டுப்பள்ளி பக்கம் வெளியில் நிற்கும் டிரெய்லர் என்றால் நான் ஒவ்வொரு வளையமாகக் கையில் உருட்டிப் பார்க்கிறேன்.

சின்னதாக ஒன்று, ஆனால் செலவு பெரியது. டர்போ (இன்ஜினுக்குக் காற்றை அழுத்தித் தரும் சுழலி) இருக்கும் வண்டி என்றால் சைலன்சர் வாயைச் சாக்கு வைத்துக் கட்டிவிடுங்கள். ரோட்டில் போகும்போது காற்று உள்ளே புகுந்து டர்போவைச் சுற்ற வைக்கும். இன்ஜின் ஓடாததால் அதற்கு ஆயில் போகாது. மறுநாள் ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால் சாக்கை அவிழ்க்க மறக்கக்கூடாது.

கிளம்புவதற்கு முன்னால் உயரத்தை டேப்பில் அளந்து டிரைவரிடம் சொல்ல வேண்டும். டெக் 1 மீட்டர், வண்டி 3 மீட்டர், மொத்தம் 4 மீட்டர் வந்துவிடும். பூமைக் கொஞ்சம் தூக்கி வைத்தால் இன்னும் கூடும். திருவொற்றியூர், தண்டையார்பேட்டை உள் தெருக்களில் கேபிள் டிவி வயர் தொங்கும் உயரம் யாருக்கும் தெரியாது. ஆடி மாதம் என்றால் கூழ் ஊற்றும் பந்தல், சீரியல் லைட் கட்டிய கம்பம். ரயில்வே சுரங்கப்பாதைப் பக்கமே போகக்கூடாது. அகலமும் அப்படித்தான். 20 டன் வண்டியின் செயினுக்குச் செயின் அகலம் சுமார் 2.8 மீட்டர். சாலையில் போகும் வண்டிக்கு மோட்டார் வாகன விதி வைத்திருக்கும் அகலம் 2.6 மீட்டர். அந்த அகல டெக் என்றால் இரண்டு பக்கமும் 10 சென்டிமீட்டர் செயின் வெளியே நிற்கும். ராத்திரியில் பைக்கில் வருகிறவன் கண்ணுக்கு அது தெரியாது. ஓரத்தில் சிவப்பு விளக்கும், ஒட்டும் ரிஃப்ளெக்டரும் வைக்கிறேன். அதற்கு அனுமதி வாங்குவது முதலாளி வேலை. வாங்கினாரா என்று கேட்பது என் வேலை என்று வைத்துக்கொண்டிருக்கிறேன்.

இறக்குவது பற்றி ஒன்று மட்டும். சங்கிலியை இறுக்கும் நெம்புகோலை அவிழ்க்கும்போது முகத்தை நேராகக் கொண்டுபோகாதீர்கள். அதற்குள் டன் கணக்கில் இழுவிசை அடைபட்டிருக்கும். விட்டதும் நெம்பு திரும்பி அடிக்கும். என்னோடு இருந்த ஒருவருக்குத் தாடை எலும்பு உடைந்தது, மூன்று மாதம் கஞ்சிதான். அவர் வண்டி ஓட்டக்கூட இல்லை, உதவிக்கு வந்தவர்.

இவ்வளவும் செய்ய ஒரு மணி நேரம் ஆகும். ராம்ப் பார்க்க, செயின் சுத்தம் செய்ய, கட்டை வைக்க, ஏற்ற, கட்ட, அளக்க. அந்த ஒரு மணி நேரத்தை யார் கணக்கில் எழுதுவது என்பதுதான் கேள்வி. ஆபரேட்டர் கவனமாக இருக்க வேண்டும் என்று சொல்வது சுலபம். நேரம் கொடுக்காமல் கவனம் எங்கிருந்து வரும்? வாடகை பேசும்போதே ஏற்ற ஒரு மணி, இறக்க அரை மணி என்று முதலாளிகள் சேர்த்துப் பேச வேண்டும். ராம்ப் வளைந்த அன்று இரண்டாவது ஹிட்டாச்சிக்கும், ராம்ப்புக்கும், டிரெய்லர் காத்திருப்புக்கும் போன பணத்தில் எத்தனை மணி நேரம் வாங்கியிருக்கலாம் என்று நான் என் முதலாளியிடம் உட்கார்ந்து கணக்குப் போட்டுக் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி, எழுது பாக்கலாம்" என்றார்.

இப்போது சீட்டில் கடைசி ரீடிங்குக்குக் கீழே 'டிரெய்லர் ஏற்றம் 1 மணி' என்று தனி வரி எழுதுகிறேன். சில சைட்டில் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். போன வாரம் மணலியில் ஒருவர் அந்த வரியை மட்டும் சிவப்பு மையால் அடித்துவிட்டுக் கொடுத்தார். அதே சைட்டில் வருகிற சனிக்கிழமை மறுபடி ஏற்ற வேண்டியிருக்கிறது. அன்றைக்கும் எழுதுவேன்.